மின்தடை நாளில் நுழைந்த கிருமி: வேலூர் விலங்குக்கூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேலூரில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தின் விலங்குக்கூடத்தில், கத்திரி வெயில் காலத்தில், கிருமியற்ற சுண்டெலிகள் வாழ்ந்த, வெளிக்கிருமி புகாதபடி மூடிய வளர்ப்புக் கூடாரமான ஓர் ஐசொலேட்டருக்குள் ஒரே ஒரு பாக்டீரியா இனம் புகுந்துவிட்ட நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். நிறுவனத்தின் பெயரையும் உடன் பணியாற்றியவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். நடந்த பிழைகளில் இரண்டு என்னுடையவை. அவற்றை அப்படியே எழுதியிருக்கிறேன்.

கிருமியற்ற விலங்கு என்றால், தன் உடலின் உள்ளும் புறமும் பாக்டீரியா, பூஞ்சை, ஒட்டுண்ணி என எதுவும் இல்லாமல் பிறந்து வளர்ந்த விலங்கு. அதற்குள் நமக்குத் தெரிந்த ஒன்றிரண்டு இனங்களை மட்டும் நாமே செலுத்தி வளர்த்தால், அறியப்பட்ட உயிர் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதை நோட்டோபயாட்டிக் விலங்கு என்கிறார்கள். குடலில் கிருமிகளே இல்லாமல் ஓர் உயிர் வாழ இயலுமா என்ற கேள்வி பழையது. இயலாது என்றே தாம் கருதுவதாக 1885இல் லூயி பாஸ்டர் எழுதினார். பத்தாண்டு கழித்து பெர்லினில் ஜார்ஜ் நட்டாலும் ஹான்ஸ் தியர்ஃபெல்டரும் சினைப்பட்ட கினியா பன்றியின் வயிற்றைக் கிழித்துக் குட்டிகளை எடுத்து, தூய்மையாக்கிய பெட்டியில் சில நாட்கள் உயிரோடு வைத்திருந்து, பாஸ்டரின் ஐயத்தை அசைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் நிலை வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரேனியர்ஸ் 1928 முதல் எஃகு உருளைகளைக் கொண்டு முயன்றார்; சுவீடனில் பெங்ட் குஸ்டாஃப்சன் தனி வழியில் எலிகளை வளர்த்தார். எஃகு உருளைகள் விலை மிகுந்தவை. ஆகவே இந்தத் துறை சில பெரிய நிறுவனங்களுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது. 1957இல் பிலிப் டிரெக்ஸ்லர் வளையும் பிளாஸ்டிக் படலத்தால் ஆன கூடாரம் போன்ற ஐசொலேட்டரை அறிமுகப்படுத்திய பிறகே அது மற்றவர்களுக்கும் எட்டியது. எங்களிடம் இருந்த இரண்டும் அந்த வகையைச் சேர்ந்தவையே.

வேலூரில் இந்த வேலைக்கு என்ன தேவை என்று கேட்பவர்களுக்கு ஊரின் வரலாற்றிலேயே விடை உண்டு. 1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் கிராமங்களில் ஸ்ப்ரூ என்னும் நீடித்த வயிற்றுப்போக்கு கொள்ளைநோயாகப் பரவியது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போய், மனிதர்கள் எலும்பும் தோலுமாக மெலிந்தார்கள். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அந்நோயைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தார்கள்; இதுதான் காரணம் என்று ஒற்றைக் கிருமி எதையும் சுட்ட முடியவில்லை. ஆனால் அந்த ஆய்வின் ஊடே வேறொன்று தெரியவந்தது. நோயே இல்லாத, நலமாக நடமாடிக்கொண்டிருந்த இப்பகுதி மக்களின் சிறுகுடலிலும், சத்தை உறிஞ்சும் சிறு நீட்சிகளான குடலுறிஞ்சிகள் குட்டையாகவும் அகன்றும் இருந்தன. குளிர்நாட்டு மக்களிடம் அவை விரல்போல் நீண்டு மெலிந்திருக்கும். அசுத்தமான நீரும் சூழலும் ஓயாமல் குடலைத் தாக்குவதன் தழும்பு அது என்று பலர் கருதினார்கள். கிருமியற்ற சுண்டெலியின் குடல் இதற்கு நேர் எதிர்முனையில் நிற்கிறது: அதன் உறிஞ்சிகள் மெலிந்தவை, அவற்றுக்கிடையேயான குழிகள் ஆழமற்றவை, குடலின் உள்சுவர்ச் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகமும் குறைவு. சாதாரணச் சுண்டெலியின் பின்சிறுகுடலில் ஏறத்தாழ இரண்டு நாளில் முடியும், குழியில் பிறந்த செல் உறிஞ்சியின் நுனியை எட்டும் பயணம், கிருமியற்ற சுண்டெலியில் நான்கு நாள் எடுக்கிறது என்பதை 1963லேயே அளந்துவிட்டார்கள். கிராமத்துக் குழந்தையின் குடலில் நடப்பவற்றுள் எது உணவால் வந்தது, எது கிருமியால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், கிருமியை முற்றிலும் கழித்த ஒரு குடல் ஒப்பீட்டுக்கு வேண்டும். வேறு எந்த விலங்கும் அதைத் தராது.

எங்கள் ஆய்வும் அந்தக் கணக்கில்தான் தொடங்கியது. முதல் ஐசொலேட்டரில் கிருமியற்ற சுண்டெலிகள். இரண்டாவதில் அதே வம்சத்தைச் சேர்ந்த, குடல் கிருமிகள் செலுத்தப்பட்ட சுண்டெலிகள். இரண்டுக்கும் ஒரே தீவனம்: அரிசி மிகுந்து புரதம் குறைந்த ஒரு கலவை. எந்தக் குழுவின் எடை எப்படிப் போகிறது, குடலின் அமைப்பு எப்படி மாறுகிறது என்பதே கேள்வி. இந்த வகை ஒப்பீட்டுக்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2004இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கார்டனின் குழு காட்டியபடி, கிருமியற்ற சுண்டெலிகளுக்குச் சாதாரணச் சுண்டெலியின் குடல் கிருமிகளைச் செலுத்தினால், முன்னைவிடக் குறைவாகத் தின்றும் 14 நாட்களில் அவற்றின் உடற்கொழுப்பு 60 விழுக்காடு கூடியது. அதே குழு பின்னாளில் வங்கதேச ஆய்வாளர்களோடு சேர்ந்து, நோட்டோபயாட்டிக் சுண்டெலியிலும் பன்றிக்குட்டியிலும் சோதித்துத் தேர்ந்த ஒரு சத்துணவைத் தாக்காவின் மீர்ப்பூரில் மெலிந்த குழந்தைகளுக்குக் கொடுத்தது. வழக்கமான சத்துணவைவிட அதில் எடை ஏற்றம் நன்றாக இருந்ததாக 2021இல் வெளியிட்டது. அந்தச் சத்துணவில் இருந்தவை கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை, வாழைக்காய். மல்லாட்டை (வேர்க்கடலை) விளையும் நிலத்தில் பிறந்த எனக்கு அந்தப் பட்டியலைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் பாட்டிமார் கேட்டிருந்தால், இதற்கு இத்தனை எலி எதற்கு என்றிருப்பார்கள்.

நிகழ்வைப் புரிந்துகொள்ள ஐசொலேட்டரின் அமைப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கட்டில் அளவுள்ள, ஒளி ஊடுருவும் பிவிசி கூடாரம் அது. புளோயர் ஒன்று ஹெப்பா வடிகட்டி வழியாகக் காற்றைத் தொடர்ந்து உள்ளே தள்ளுகிறது, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டை அந்த வடிகட்டி பிடித்துவிடும். உள்ளே போன காற்று இன்னொரு வடிகட்டி வழியாக வெளியேறும். உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட எப்போதும் சற்றுக் கூடுதலாக இருப்பதால் கூடாரம் உப்பி நிற்கும். எங்கேனும் ஊசித்துளை விழுந்தாலும் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. பக்கச்சுவரில் தோள்வரை நீளும் நியோப்ரீன் கையுறைகள் பொருத்தப்பட்டிருக்கும்; உள்ளே செய்யும் எல்லா வேலையும் அவற்றின் வழியாகத்தான். தீவனம், தண்ணீர், படுக்கைத் தூள் யாவும் எஃகு உருளையில் அடைத்து, உயரழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவில் அவித்து, உருளையின் வாயை ஐசொலேட்டரின் இரட்டைக் கதவு வாயிலோடு இணைத்து, இடைப்பகுதியில் 2 விழுக்காடு பெராசிடிக் அமிலத்தைப் புகையாகத் தெளித்து, அரை மணி நேரம் பொறுத்து, பிறகே உள்கதவைத் திறக்க வேண்டும். அந்த அமிலத்தின் காடி நெடி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். விலங்குக்கூடத்தில் வேலை பார்ப்பவரைத் தெருவில் முகர்ந்தே கண்டுபிடித்துவிடலாம்.

தீவனத்தை அவிக்கும்போது தயமின் போன்ற வைட்டமின்கள் பெருமளவு அழிகின்றன. ஆகவே முன்கூட்டியே கூடுதலாகச் சேர்க்க வேண்டும். வைட்டமின் கே விஷயம் இன்னும் கடுமையானது. சாதாரண எலிக்கு அதைக் குடல் பாக்டீரியாக்களே ஓரளவு தயாரித்துத் தருகின்றன. அவை இல்லாத எலிக்கு உணவிலும் அது இல்லையானால் இரத்தம் உறையாமல் கசிந்தே செத்துப்போகும் என்பதை 1959இல் குஸ்டாஃப்சன் காட்டினார். நாம் உண்பதில் எவ்வளவு பங்கு நமக்காகப் பிறர் சமைத்தது என்பது, சமைப்பவர் வீட்டை விட்டுப் போன பிறகுதான் தெரிகிறது.

கிருமியற்ற சுண்டெலியைக் கண்ணால் பார்த்தே அடையாளம் காண ஒரு வழி உண்டு. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் உள்ள சீக்கம் என்னும் பை பல மடங்கு வீங்கி, வயிறு பானைபோல் இருக்கும். சளியைச் சிதைக்கும் கிருமிகள் இல்லாததால் அது தேங்கி நீரை இழுத்துக்கொள்கிறது. புழுக்கைகள் மென்மையாக, வெளிர் நிறத்தில் விழும். பெட்டியில் நாற்றமும் இராது: சிறுநீரின் யூரியாவை அமோனியாவாக உடைக்கும் யூரியேஸ் நொதியைத் தருபவை பாக்டீரியாக்களே.

இனி நடந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை முதல் ஐசொலேட்டரின் புழுக்கையை எடுத்து, காற்றுள்ள சூழலிலும் காற்றற்ற சூழலிலும், பூஞ்சைக்கான ஊடகத்திலும் வளர்க்கப் போட்டோம். ஒரு வாரம் காத்தும் எதுவும் வளரவில்லை. இதற்கிடையே, அந்தத் திங்களுக்கு அடுத்த வியாழனன்று பிற்பகல் மின்சாரம் நின்றது. வேலூரை வெயிலூர் என்று நாங்களே கேலி செய்வோம். அன்று அந்தப் பெயருக்குக் குறைவில்லாத வெயில். ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சு வேலை செய்யவில்லை. யுபிஎஸ் மின்கலம் பழையது. சில நிமிடங்களில் அதுவும் கைவிட்டது. புளோயர் நின்றதும் கூடாரத்தின் கூரை மெல்லத் தொய்ந்து பெட்டிகளின்மேல் படிந்தது.

இதற்கான விதி எழுதி ஒட்டப்பட்டிருந்தது: காற்று நுழையும் வாயையும் வெளியேறும் வாயையும் மூடியால் அடை, கையுறைகளைத் தொடாதே, மின்சாரம் வரும்வரை காத்திரு. ஐசொலேட்டருக்குள் இருக்கும் காற்று சுண்டெலிகளுக்குச் சிறிது நேரம் தாராளமாகப் போதும். வாய்களை அடைத்தோம். ஆனால் படலம் பெட்டிகளின்மேல் ஒட்டிக்கொண்டு கம்பி மூடிகளை மறைப்பதைப் பார்த்தபோது, விலங்குகள் மூச்சுத் திணறிவிடும் என்ற பதற்றத்தில் நான் இரு கைகளையும் கையுறைக்குள் நுழைத்து, கூரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏறத்தாழ கால் மணி நேரம். முழங்கைவரை வியர்வை வழிந்தது. மின்சாரம் வந்தது, கூடாரம் மீண்டும் உப்பியது, சுண்டெலிகள் ஓடியாடின. நல்ல காரியம் செய்ததாகவே நினைத்துக்கொண்டு கைகளைக் கழுவினேன்.

வளர்ப்புச் சோதனை மாதம் ஒருமுறை. கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை இரு வாரத்துக்கு ஒருமுறை. பிசிஆரில் எங்களுக்கு ஒரு பழைய தொல்லை இருந்தது. ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும். ஆனால் அதன் டிஎன்ஏ துண்டுகள் தீவனத்தில் எஞ்சிப் புழுக்கை வழியாக வெளியே வரும். ஆகவே கிருமியற்ற விலங்கிலும் சோதனைப் படத்தில் மங்கலான ஒரு பட்டை தெரிவதுண்டு. நுண்ணோக்கியின்கீழ்கூடத் தீவனத்தின் செத்த பாக்டீரியாக்கள் சாயமேற்று உயிருள்ளவைபோலக் காட்சி தரும். இப்படிப் பல மாதங்கள் மங்கலான பட்டையைப் பார்த்துப் பழகியிருந்ததால், மின்தடைக்குப் பிந்தைய சோதனையில் பட்டை சற்று அழுத்தமாக வந்தபோதும், தீவன எச்சம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முந்தைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இது என் இரண்டாவது பிழை. முதலாவதைவிடப் பெரியது என்று இன்று நினைக்கிறேன். பதற்றத்தில் செய்வதை மன்னிக்கலாம், பழக்கத்தில் செய்வதற்கு அந்தச் சலுகை கிடையாது.

இது நடந்து மூன்று நாட்களுக்குப் பிறகு, அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வந்துபோகும் விலங்குப் பராமரிப்பாளர் என்னிடம் வந்து சொன்னார்: “சார், மொதப் பெட்டியில மூத்திர நாத்தம் வருது சார்.” படுக்கைத் தூள் மாற்றும் நாள் நெருங்குகிறது, அதனால் இருக்கலாம் என்றேன். “மாத்தாம ரெண்டு வாரம் வச்சப்பகூட வரலியே சார். அந்தப் பெட்டியில எப்பவுமே வாடை இருக்காது.” இரண்டாவது ஐசொலேட்டரின் வாடை பரவியிருக்கலாமே என்று அடுத்த காரணத்தை எடுத்தேன். அவர் பதில் சொல்லாமல் முதல் ஐசொலேட்டரின் காற்று வெளியேறும் வாயருகே என்னை அழைத்துப்போய் நிறுத்தினார். மெல்லியதுதான், ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத அமோனியா. ஹெப்பா வடிகட்டி துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. உள்ளே பிறந்த நாற்றம் அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் வீட்டில் மாடு உண்டு. தொழுவத்து நாற்றத்தின் ஏற்ற இறக்கத்தை அறிந்த மூக்கு அது.

அன்றே புழுக்கையை வளர்ப்பில் போட்டோம். மறுநாள் கிருமி வளர்க்கும் ஊடகக் குழம்பு கலங்கியது. பாக்டீரியாக்களை வகைபிரிக்க உதவும் கிராம் சாயத்தில் ஊதா நிறக் கோளங்கள் திராட்சைக் குலைபோல் திரண்டிருந்தன. உயிர்வேதிச் சோதனைகள் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்று காட்டின. மனிதத் தோலில் சாதுவாக வாழும் இனம் இது, யூரியேஸ் உடையது. நாற்றத்துக்கும் கணக்கு நேர்ந்தது.

எந்த வழியில் நுழைந்தது என்பதை நுழைந்த கிருமியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். வெப்பத்தைத் தாங்கும் வித்து உருவாக்கும் பேசில்லஸ் வகை கிடைத்தால் ஆட்டோகிளேவைச் சந்தேகிக்க வேண்டும். உருளையில் தீவனத்தை நெருக்கி அடைத்தால் நீராவி நடுவே எட்டாமல் வித்துகள் தப்பிவிடும். பூஞ்சை வந்தால் ஈரமான வடிகட்டியையோ படுக்கைத் தூளையோ பார்க்க வேண்டும். தோல் கிருமி வந்தால் கையுறை. ஆனாலும் ஒழுங்குக்காக ஆட்டோகிளேவ் பதிவேடுகளையும், அவித்தது போதுமா என்று அறிய ஒவ்வொரு உருளைக்குள்ளும் வைக்கும் வித்துப் பட்டைகளின் முடிவுகளையும் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதுபோல் கையுறைகளின்மேல் சோப்பு நீரைத் தடவினோம். வலது கையுறையில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடைப்பட்ட மடிப்பில், குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கண்ணுக்குத் தெரியாத துளை. பெட்டியின் கம்பி மூடி ஒன்றில் பற்றவைப்பு விட்டு முனை நீட்டிக்கொண்டிருந்தது. அது குத்தியிருக்க வேண்டும்.

அந்தத் துளை எத்தனை நாளாக இருந்தது என்பதைச் சொல்ல வழியில்லை. ஆனால் திங்கட்கிழமைச் சோதனை சுத்தமாக வந்ததற்கும், துளை அதற்கு முன்பே இருந்திருக்கலாம் என்பதற்கும் முரண் இல்லை. உள்ளழுத்தம் நிற்கும்வரை துளை வழியே காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும், எதுவும் உள்ளே வராது. அழுத்தம் போன கால் மணி நேரத்தில், அந்தத் துளையின் மறுபக்கத்தில் வியர்த்து நனைந்த என் கை இருந்தது. துளை மட்டும் இருந்திருந்தால் அடுத்த கையுறைச் சோதனையில் அகப்பட்டிருக்கும். மின்தடை மட்டும் வந்திருந்தால், விதியில் உள்ளபடி வாய்களை அடைத்துக் காத்திருந்தாலே போதும். இரண்டும் சேர்ந்த வேளையில் நான் கையை நுழைத்தேன்.

எங்களை இன்னொன்றும் ஏமாற்றியது. மின்தடைக்கும் நாற்றம் தெரிந்ததற்கும் இடைப்பட்ட நாட்கள் முழுவதும் சுண்டெலிகளின் வயிறு பானைபோலவே இருந்தது. நாங்கள் அதைப் பார்த்துத் தைரியமாக இருந்தோம். ஒற்றை இனம் மட்டும் குடியேறினால் சீக்கம் பெரும்பாலும் சுருங்குவதில்லை. பல இனங்கள் கூடிய முழுக் கூட்டம் வந்தால்தான் அது இயல்பு அளவுக்குத் திரும்பும். பாடநூலில் முதலில் படிக்கும் அடையாளமே, மிகச் சாதாரணமாக நேரும் பிழையின்போது உதவாமல் போகிறது என்பதை அனுபவத்தில்தான் கற்றேன்.

அடுத்து, விலங்குகளை என்ன செய்வது? ஆன்டிபயாட்டிக் கொடுத்துச் சுத்தமாக்கலாமே என்று இளம் ஆய்வாளர் ஒருவர் கேட்டார். மருந்து எண்ணிக்கையைக் குறைக்கும். ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதி சொல்லாது. மருந்தின் விளைவும் குடலில் கலந்துவிடும். ஒருமுறை தொற்று கண்ட ஐசொலேட்டரின் விலங்குகள் மறுபடி கிருமியற்றவை ஆவதில்லை. அவற்றின் வம்சத்தை மட்டுமே மீட்க முடியும். பிரசவத்துக்குச் சற்று முன் தாயின் கருப்பையை மூடியபடியே எடுத்து, கிருமிநாசினித் தொட்டியில் முக்கி ஐசொலேட்டருக்குள் செலுத்தி, உள்ளே விரைந்து கிழித்து, குட்டிகளைத் துடைத்து மூச்சு வரச்செய்து, அதே நாட்களில் ஈன்ற கிருமியற்ற வளர்ப்புத் தாயிடம் சேர்க்க வேண்டும். நட்டாலும் தியர்ஃபெல்டரும் செய்த அதே வேலைதான். வளர்ப்புத் தாய் எங்களிடம் இல்லை, ஏனெனில் மூன்றாவது ஐசொலேட்டர் ஒன்றை இருப்பாக வைத்திருக்க வேண்டும் என்ற கோரிக்கை செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போடப்பட்டிருந்தது. வேறொரு நிறுவனத்திலிருந்து புதிய ஜோடிகளைத் தருவிக்க நேர்ந்தது. இரண்டுக்குமான செலவைக் கூட்டிப் பார்த்தால் தள்ளிப்போட்டதில் மிச்சம் எதுவும் இல்லை.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1998இல் வந்த விதிகள்படி, இப்படிப்பட்ட சோதனை ஒவ்வொன்றும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடுதான் நடக்கும். நடந்ததைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்தோம். குழுவில் ஒருவர் கேட்ட கேள்வி நேரானது: பயனற்றுப்போன இந்த விலங்குகளைக் கொல்வதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்? அவற்றை ஒற்றைக் கிருமி குடியேறிய விலங்குகளாகக் கணக்கில் கொண்டு, முன்பே ஒப்புதல் பெற்றிருந்த திசு ஆய்வுக்குப் பயன்படுத்துவதாக முன்மொழிந்தோம், குழு ஏற்றது. அவை கிருமியற்றவை என்ற பெயரில் எந்தப் பதிவிலும் வரக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தது. சரியான நிபந்தனை.

தரவுகளில் எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் வாதம் நீண்டது. மின்தடை நாள்வரை எடுத்த எடைகளை ஏற்கலாம் என்றார்கள் சிலர். கிருமி நுழைந்தது அன்றுதான் என்பது நாங்கள் கட்டிய கதை. நம்பத்தக்க கதை, ஆனாலும் கதையே. கிருமி இல்லை என்று காட்டும் கடைசிச் சான்று திங்கட்கிழமை எடுத்த புழுக்கை மட்டும்தான். கிருமியற்றது என்று நாம் சொல்வது, எடுத்த மாதிரியில், தேடிய முறையில், எதுவும் அகப்படவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை; அந்தச் சொல் அடுத்த சோதனைவரை தானாக நீளாது. ஆகவே அந்தத் திங்களுக்குப் பிந்தைய அளவுகள் எல்லாவற்றையும் ஒப்பீட்டிலிருந்து நீக்கினோம். மூன்று நாள் எடைகளுக்காக இவ்வளவு வாதமா என்று தோன்றலாம். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் அந்த மூன்று நாளை ஏற்றால், நாளை இன்னொரு நிகழ்வில் மூன்று வாரத்தை ஏற்க யாரும் தடை சொல்ல முடியாது.

இப்போது கையுறைகளை வாரந்தோறும் சோப்பு நீரால் சோதிக்கிறோம். மின்தடை எவ்வளவு சிறியதானாலும் ஒரு வாரத்துக்குள் தனியாக வளர்ப்புச் சோதனை செய்கிறோம். பிசிஆர் படங்களைத் தனியாகப் பார்க்கும் வழக்கம் நின்றது. முந்தைய மூன்று படங்களோடு ஒட்டி வைத்து, இருவர் பார்த்த பிறகே கையெழுத்து. யுபிஎஸ் மின்கலம் மாறிவிட்டது, மூன்றாவது ஐசொலேட்டருக்கான கோப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. பராமரிப்பாளரின் அன்றாடப் பதிவேட்டில் தீவனம், தண்ணீர், அழுத்தம், வெப்பநிலை ஆகிய கட்டங்களோடு வாடை என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதில் முதல் ஐசொலேட்டருக்கு அவர் நாள்தோறும் இல்லை என்று எழுதுகிறார். எழுதுவதற்கு முன் இரண்டு ஐசொலேட்டர்களின் வாயருகிலும் குனிந்து முகர்ந்து பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.